கப்பலுக்கு மலையின் பேர்! கட்டியவனுக்குச் சீசன் கூலி!

நீலகிரி, ஹிமகிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி, மகேந்திரகிரி. மலைகளின் பெயரால் ஏழு போர்க்கப்பல்கள்! பிரிகேட் என்ற வகையைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்னது நம் பணகுடிப் பக்கத்து மகேந்திரகிரி அல்ல, ஒடிசா மாநிலத்து மலை. ஆனால் முதலில் சொன்ன நீலகிரி நம்முடையதுதான்.

2025 ஜனவரி 15-ந் தேதி 'நீலகிரி' பம்பாயில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பிரதம மந்திரியே நேரில் வந்தார். ஆகஸ்டு 26-ந் தேதி விசாகப்பட்டினத்தில் 'உதயகிரி'யும் 'ஹிமகிரி'யும் சேர்ந்தன. பாண்டு வாத்தியம் முழங்கியது. கொடி ஏறியது. தேசபக்திப் பிரசங்கம் மழையாகக் கொட்டியது.

"கடலே இல்லாத தென்காசியில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பேச்சு உண்டு, தோழர்களே! பஞ்சாலைத் தொழிலாளிக்கும் உண்டு, நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கும் உண்டு. ஏழு கப்பலுக்கும் சேர்த்து ஏறத்தாழ 45,000 கோடி ரூபாய்த் திட்டம். அது நம் வரிப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நாம் கொடுக்கும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. பணம் போட்டவன் கணக்குக் கேட்பதில் என்ன தவறு?

நாம் கேட்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். கப்பல் முப்பது வருஷம் உழைக்க வேண்டும் என்று கட்டுகிறீர்கள். அதைக் கட்டுகிறவனையும் ஓட்டுகிறவனையும் மட்டும் ஏன் தற்காலிகக் கூலியாக்குகிறீர்கள்?

கப்பல் எப்படிப் பிறக்கிறது?

மந்திரிமார் தேங்காய் உடைப்பதால் கப்பல் பிறப்பதில்லை. இரும்பை உருக்குகிறவனிடம் அது பிறக்கிறது. போர்க்கப்பலுக்குச் சாதாரண இரும்பு உதவாது. கடல் உப்பையும் அலையின் அடியையும் தாங்கும் விசேஷ எஃகுத் தகடு வேண்டும். முன்பு அதை வெளிநாட்டிலிருந்து வாங்கினோம். பிறகு நம் ராணுவ விஞ்ஞானிகள் பக்குவம் கண்டுபிடித்தார்கள். பொதுத்துறை உருக்காலைகளான பொகாரோ, பிலாய், ரூர்கேலா தொழிலாளர்கள் அதை உருக்கித் தந்தார்கள். 'விந்தியகிரி' ஒன்றுக்கு மட்டும் 4,000 டன். 'உதயகிரி', 'ஹிமகிரி' இரண்டுக்கும் சேர்த்து 8,000 டன். இந்த பொகாரோ ஆலைக்கு உதவி கேட்டபோது அமெரிக்கா கைவிரித்தது. சோவியத் நாடுதான் கைகொடுத்தது. அதையும் மறக்க வேண்டாம்.

தகடு பட்டறைக்கு வருகிறது. அங்கே அதை வெட்டுகிறார்கள், வளைக்கிறார்கள், பற்றவைக்கிறார்கள். முதலில் கீல் என்ற அடிக்கட்டை. தமிழில் அதற்கு ஏரா என்று பெயர். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ, கப்பலுக்கு ஏரா அப்படி. முன்பெல்லாம் அதன்மேல் கூட்டை எழுப்பி, பிறகுதான் உள்ளே குழாய், கம்பி, இயந்திரம் எல்லாம் புகுத்துவார்கள். இப்போது முறை வேறு. கப்பலைப் பெரும் பெரும் துண்டுகளாகத் தனித்தனியே கட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் குழாயும் மின்சாரக் கம்பியும் முன்கூட்டியே பொருத்தி, பின்பு ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். பற்றவைப்பில் மயிரிழை பிசகினால் நடுக்கடலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளின் உயிர் போகும்.

பிறகு கப்பல் நீரில் இறங்கும். அப்போதும் வேலை தீராது. 'நீலகிரி'க்கு 2017 டிசம்பரில் அடிக்கட்டை இட்டார்கள். 2019 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள். கடற்படையில் சேர 2025 ஆயிற்று. ஏழு வருஷ உழைப்பு! அதன் நீளம் ஏறத்தாழ 149 மீட்டர். எடை ஏறத்தாழ 6,670 டன். மெதுவாகப் போக டீசல் எஞ்சின், விரைந்து பாய காஸ் டர்பைன். முன்புறத்துப் பீரங்கி ஹரித்துவாரிலுள்ள பொதுத்துறை பெல் தொழிற்சாலையில் செய்தது. காஸ் டர்பைனைப் பூட்டியது பெங்களூர் ஹெச்.ஏ.எல். 'உதயகிரி' நம் கடற்படையின் சொந்த வடிவமைப்பு அலுவலகம் வரைந்த 100-வது கப்பல்.

ஆக, வரைந்தது நம் பொறியாளர். உருக்கியது நம் தொழிலாளி. பற்றவைத்தது நம் தொழிலாளி. பீரங்கி செய்ததும் நம் தொழிலாளி. அத்தனையிலும் முதுகெலும்பு பொதுத்துறை. இதிலே எந்த முதலாளியின் சாமர்த்தியம் இருக்கிறது?

அந்தப் பட்டறை யாருடையது?

'நீலகிரி'யைக் கட்டியது பம்பாய் மசகான் டாக். இதன் பூர்வ கதை நம் திருநெல்வேலிச் சீமையோடு சம்பந்தப்பட்டது. கேளுங்கள்.

1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்து 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து கொழும்புக்கு ஓட்டினார். எதிரே நின்றது யார்? பி.ஐ. கம்பெனி என்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி! அது கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் சென்று கையில் குடையும் கொடுத்தது என்று நம் ஜனங்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கம்பெனிக்குத் தூத்துக்குடி ஏஜெண்டு ஹார்வி. கோரல் மில்லின் சொந்தக்காரனும் அதே ஹார்விதான். நம் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்துக் கொழுத்ததும் அதே ஹார்வி கூட்டம்தான்!

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, தொழிலாளி வென்றான். வெள்ளைக்காரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கப்பலையும் மில் தொழிலாளியையும் ஒரே மனிதன் சேர்த்துப் பிடித்தால் அவன் வியாபாரம் என்ன ஆகும்? மார்ச் 12-ந் தேதி கைது. ஜூலையில் ஆயுள் தண்டனை. கம்பெனி மூழ்கியது. அன்று தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனிக்குத் துணைபோன ஆஷ் துரையைத்தான் 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் நம் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டார். தனிமனிதனைச் சுடும் பாதை நம் பாதை அல்ல. ஆனால் குற்றாலத்துக்கு அடுத்த ஊரில் மூண்ட அந்த நெருப்புக்கும் ஒரு கப்பல் கம்பெனிக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது.

இனி மசகான் டாக்குக்கு வருவோம். பல காலம் அந்தப் பட்டறை பி அண்டு ஓ என்ற கப்பல் கம்பெனியின் கையிலும், அதோடு 1914-ல் கூட்டுச் சேர்ந்த பி.ஐ. கம்பெனியின் கையிலும் இருந்தது. ஆம், அதே பி.ஐ. கம்பெனி! வ.உ.சி.யை ஒழித்த கம்பெனி! 1960-ல், கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோது, அதை இந்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. கல்கத்தாவின் கார்டன் ரீச் பட்டறையும் அதே வருஷம் சர்க்கார் கைக்கு வந்தது. வெள்ளைக்காரனின் கப்பலுக்கு ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்த பட்டறையில், 1968 அக்டோபரில் முதல் 'நீலகிரி' நீரில் இறங்கியது. 1972 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. அடுத்து அதே வகையில் ஐந்து கப்பல். இந்தியத் தொழிலாளிக்குப் பிரிகேட் கட்டத் தெரியும் என்று அன்றே நிரூபித்தாயிற்று. சுதேசிக் கப்பல் என்று வ.உ.சி. கண்ட கனவு பொதுத்துறையில் பலித்தது.

பசுவை விற்ற கதை

இப்போது இந்தச் சொத்தை என்ன செய்கிறார்கள்? துண்டு துண்டாகப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள்.

2018-ல் கார்டன் ரீச் பங்குகள் சந்தைக்குப் போயின. 2020 அக்டோபரில் மசகான் டாக். 15 சதவீதத்துக்கு மேல் பங்குகளை, ஒரு பங்கு 145 ரூபாய் என்று விற்றார்கள். சர்க்காருக்கு வந்தது ஏறத்தாழ 444 கோடி. 2024 டிசம்பரில் ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்தார்கள். 2025 ஏப்ரலில் மேலும் 4.83 சதவீதம் வரை விற்பதாக அறிவித்தபோது, அந்தப் பாதிப் பங்குக்குச் சர்க்காரே வைத்த குறைந்தபட்ச விலை என்ன தெரியுமா? 2,525 ரூபாய்!

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 145 ரூபாய்க்கு விற்றது ஐந்து வருஷம் ஆவதற்குள் 5,050 ரூபாய்ப் பெறுமானம். கறவைப் பசுவைக் கன்றுக்குட்டி விலைக்கு விற்றுவிட்டு வந்தவனைப் பாவூர்சத்திரம் சந்தையில் என்னவென்று சொல்வார்கள்? ஏமாளி என்பார்கள். ஊரார் பசுவை அப்படி விற்றவனை ஏமாளி என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு வேறு பெயர் இருக்கிறது!

"பெரும்பகுதி இன்னும் சர்க்கார் கையில்தானே இருக்கிறது" என்று சமாதானம் சொல்கிறார்கள். எலி குதிரின் அடியில் ஓட்டை போட்ட பிறகு, "நெல் இன்னும் முக்கால் குதிர் இருக்கிறதே" என்று எந்த விவசாயி தூங்குவான்?

அன்று வ.உ.சி. பங்கு விற்றது, கப்பல் இந்தியர் கைக்கு வருவதற்காக. இன்று இவர்கள் பங்கு விற்பது, பட்டறை ஜனங்கள் கையை விட்டுப் போவதற்காக. அவரது பெயரையும் மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறார்களே, நாக்கு கூசவில்லையா?

தனியார் கிழித்த கிழிப்பு

"தனியாரிடம் விட்டால் சீக்கிரம் முடிப்பான்" என்று பட்டணத்துப் பத்திரிகைகள் உபதேசிக்கின்றன. விட்டுத்தான் பார்த்தார்களே! 2011-ல் ஐந்து ரோந்துக் கப்பல்களுக்குக் குஜராத் பிபாவாவ் பட்டறைக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பிறகு அது ரிலையன்ஸ் நேவல் என்ற பெயருக்கு மாறியது. 2017-ல் இரண்டு கூடுகளை நீரில் இறக்கினார்கள். அவ்வளவுதான்! கடற்படையின் கைக்கு ஒரு கப்பல் கூட வந்து சேரவில்லை. 2020-ல் கம்பெனி திவால் கோர்ட்டுக்குப் போயிற்று. ஒப்பந்தமும் ரத்தாயிற்று. ஏ.பி.ஜி. என்ற இன்னொரு தனியார் கப்பல் பட்டறைமீது 2022 பிப்ரவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. வங்கிகளுக்கு 22,842 கோடி ரூபாய் நஷ்டம் என்று குற்றச்சாட்டு. நீலகிரியைப் போல மூன்று கப்பல் கட்டக்கூடிய பணம்!

பொதுத்துறைத் தொழிலாளி ஏழு பிரிகேட்டுகளைக் கட்டி, 2019 முதல் 2023-க்குள் ஏழையும் நீரில் இறக்கிக் காட்டினான். சாமர்த்தியம் யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டுகிறவன் கதி

அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? கப்பல் பட்டறைகளில் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே, அதே டார்ச்சைப் பிடித்து, அதே புகையைக் குடித்து வேலை செய்கிறவன் ஒப்பந்தக் கூலி. அவன் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருவான், நம் ஊரிலிருந்தும் போவான். கப்பல் அறை என்பது காற்றுப் புகாத இரும்புப் பெட்டி. வெளியே வெயில், உள்ளே பற்றவைக்கும் நெருப்பு. நெல் அவிக்கும் அண்டாவுக்குள் ஆளை இறக்கியது மாதிரி.

2019 ஜூன் 21-ந் தேதி மசகான் டாக்கில், கட்டிக்கொண்டிருந்த 'விசாகப்பட்டினம்' என்ற நாசகாரிக் கப்பலுக்குள் தீப்பற்றியது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். 2021 நவம்பரில் அந்தக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. மந்திரி பிரசங்கம் செய்தார். எல்லையில் இறப்பவனுக்குக் கல்லறையும் மாலையும் உண்டு. அந்த எல்லையைக் காக்கும் கப்பலைக் கட்டும்போது இறப்பவனுக்கு என்ன உண்டு?

நம் குற்றாலத்தில் சீசன் தெரியும். சாரல் விழுந்தால் எண்ணெய் தேய்ப்பவனுக்கும், துண்டு விற்பவனுக்கும், சமையல்காரனுக்கும் மூன்று மாதம் பிழைப்பு. ஐந்தருவி வற்றினால் அவன் பிழைப்பும் வற்றும். வயலிலும் அப்படித்தான். காருக்கும் பிசானத்துக்கும் இடையில் விவசாயத் தொழிலாளியின் அடுப்பு அணைந்து கிடக்கும். அதற்கு மழையைக் காரணம் சொல்லலாம். கப்பல் பட்டறையில் ஏது சீசன்? ஒரு கப்பல் இறங்கினால் அடுத்த கப்பல் காத்திருக்கிறது. வருஷம் முழுதும் வேலை இருக்கிறது. நிரந்தரம் மட்டும் இல்லை! இது மேகம் செய்த சீசன் அல்ல, முதலாளித்துவம் செய்த சீசன்!

சட்டமும் அவர்களுக்கே துணை. 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே காண்டிராக்டரைக் கட்டுப்படுத்தியது 1970-ம் வருஷச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கையை 50 ஆக்கிவிட்டார்கள். 49 பேரை வைத்திருக்கும் காண்டிராக்டருக்கு இனி கவலையில்லை. மில் தோழர்களே, இந்தச் சட்டம் கப்பலுக்கு மட்டும் வந்ததல்ல. நம் ஸ்பின்னிங் மில் கேட்டுக்கும் வந்துவிட்டது!

வாய் திறந்தால்? 2021-ல் 41 ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். திருச்சி, ஆவடி, அரவங்காடு தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். உடனே பாதுகாப்பு உற்பத்தியில் வேலைநிறுத்தம் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அரவங்காடு எங்கே இருக்கிறது? நீலகிரியில்! கப்பலுக்கு நீலகிரியின் பேர், நீலகிரித் தொழிலாளிக்குச் சிறை மிரட்டல்! இதுதான் இவர்களுடைய தேசபக்தியின் லட்சணம்.

ஓட்டுகிறவன் கதி

கட்டுகிறவன் கதி இது. கடலில் ஓட்டுகிறவன் கதி என்ன?

1971 டிசம்பர் 9-ந் தேதி 'குக்ரி' என்ற பிரிகேட்டைப் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் டையூ கடலில் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். 2015-ல் ஏமன் நாட்டில் குண்டு மழை பொழிந்தபோது, அங்கே பிழைக்கப் போயிருந்த நர்சுகளையும் தொழிலாளர்களையும் மீட்டுவந்த கப்பல்களில் 'தர்காஷ்' என்ற பிரிகேட்டும் ஒன்று. 2024 ஜூலையில் பம்பாயில் பழுதுபார்க்க நின்ற 'பிரம்மபுத்திரா'வில் தீப்பிடித்து, கப்பல் சாய்ந்து, ஒரு மாலுமி பலியானார். போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாலுமியின் உயிர் பணயத்தில்தான் இருக்கிறது.

இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பங்கு வாங்கி விற்கிறவன் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை. கடையநல்லூரிலும் சுரண்டையிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் தாயின் பிள்ளைகள், வரப்பில் கஞ்சி குடிக்கும் தகப்பனின் பிள்ளைகள். சீருடை போட்டால் குடும்பம் நிமிரும் என்று விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறவர்கள். முன்பு 15 வருஷம் சேவை செய்தால் ஆயுள் முழுதும் பென்ஷன். 2022 ஜூனில் 'அக்னிபாத்' என்று கொண்டுவந்தார்கள். நான்கே வருஷம்! அதற்குப்பின் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நீடிக்கலாம். மற்ற 75 பேருக்கு 12 லட்சத்துக்கும் குறைவான ஒரு தொகை. அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணம். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது.

ராடாரையும் ஏவுகணையையும் டர்பைனையும் கையாளும் மாலுமி ஒரு நாளில் உருவாகிறானா? ஏர் பிடிக்கவே ஒரு பையனுக்கு மூன்று வருஷம் வேண்டும். வேலை கைவரும் சமயத்தில், "போய் வா தம்பி" என்று வீட்டுக்கு அனுப்புவதா தேசப் பாதுகாப்பு? கப்பலின் வயது முப்பது, மாலுமியின் சேவை நான்கு. பட்டறையில் காண்டிராக்டர் செய்ததைக் கடற்படையில் சர்க்காரே செய்கிறது!

தேசபக்தி யாருக்குச் சொந்தம்?

இப்படிக் கேட்டால், "நீங்கள் கடற்படைக்கு விரோதி" என்று பட்டம் கட்டுவார்கள். போர்வெறி நமக்கு வேண்டாம், சமாதானமே வேண்டும். ஆனால் நாட்டுக்குச் சொந்தமான கப்பல் வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்லவில்லை. சரித்திரத்தைப் பாருங்கள். 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' தளத்தின் மாலுமிகள் புழுத்த சாப்பாட்டையும் வெள்ளை அதிகாரியின் வசையையும் எதிர்த்து எழுந்தார்கள். சில நாட்களில் 20,000 மாலுமிகள் எழுந்தார்கள். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பல்களில் பறந்தன. பெரிய தலைவர்கள் அவர்களைச் சரணடையச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றது பம்பாய் மில் தொழிலாளி! பிப்ரவரி 22-ந் தேதி கம்யூனிஸ்டுக் கட்சியின் அறைகூவலில் ஆலைகள் நின்றன. இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்த மாலுமிகளைக் கடற்படையில் திரும்பச் சேர்க்கவில்லை. நாட்டை விற்கப் பார்த்தவன் எவன், நாட்டுக்காக ரத்தம் சிந்தியவன் எவன் என்று அந்தத் தெருக்கள் சொல்லும்.

1908-ல் கோரல் மில்லில் கப்பலும் தொழிலாளியும் ஒன்று சேர்ந்தபோது ஏகாதிபத்தியம் நடுங்கியது. 1946-ல் மாலுமியும் மில் தொழிலாளியும் ஒன்று சேர்ந்தபோது அது மூட்டை கட்டத் தொடங்கியது. இன்றும் அந்தச் சேர்க்கைதான் வேண்டும்.

நாம் கேட்பது

பட்டறைகளில் நிரந்தர வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் நிரந்தரமாக்கு! அதுவரை சமவேலைக்குச் சமகூலி கொடு!

வேலையில் இறக்கும் தொழிலாளியின் குடும்பத்துக்கு, அவன் ஒப்பந்தக்காரனானாலும், மாலுமியின் குடும்பத்துக்குச் சமமான நஷ்டஈடும் மரியாதையும் கொடு!

மசகான் டாக், கார்டன் ரீச் பங்கு விற்பனையை நிறுத்து! நான்கு வருஷச் சேவையை ரத்துச் செய்! மாலுமிக்குப் பென்ஷனைத் திருப்பிக் கொடு!

மில் கேட்டிலும், களத்து மேட்டிலும், டீக்கடையிலும் இதைப் பேசுங்கள், தோழர்களே. படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். கடற்படைக்கு மனுப்போட்ட பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அவன் தாய் தகப்பனையும் யூனியன் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நிரந்தரம் கேட்கும் மில் தொழிலாளியின் கோரிக்கையும், பென்ஷன் கேட்கும் மாலுமியின் கோரிக்கையும், வருஷம் முழுதும் வேலை கேட்கும் விவசாயத் தொழிலாளியின் கோரிக்கையும் ஒன்றே. தனித்தனியாகக் கேட்டால் மூன்றையும் தட்டிக் கழிப்பார்கள். சேர்ந்து கேட்போம்!